ஜான்ஸ்கரில் நான்கு நாட்கள்

பதும் ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வரை ஜான்ஸ்கர் நதி சாதுவாகத்தான் இருக்கிறது. அகன்ற சமவெளி, பார்லி வயல்கள், எதிர்க் குன்றில் அடுக்கிவைத்த வெள்ளைப் பெட்டிகளாய் கர்ஷா மடாலயம். ரப்பர் படகில் இருந்த எட்டுப் பேரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துத் தள்ளினோம். மறுநாள் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தபோது யாருக்கும் கேமரா நினைவில்லை.

ஸ்டோட், லுங்னக் என்ற இரு ஆறுகள் பதும் அருகே சேர்ந்து ஜான்ஸ்கர் ஆகின்றன. லடாக்கின் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வடக்கே ஓடி, நிம்முவில் அது சிந்துவில் கலக்கிறது. நடுவில் உள்ள பள்ளத்தாக்கு பல இடங்களில் வெறும் பிளவுதான். நிமிர்ந்தால் ஒரு கீற்று வானம். ஊதா, துரு, சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. சில, சுருட்டிய பாய் மாதிரி. இவை டெதிஸ் என்ற பழங்கடலின் அடியில் படிந்தவை என்பதை அங்கே நம்புவது சிரமம்.

நீர் பனிப்பாறை உருகி வருவது. இரண்டாம் நாள் ஒரு சுழிப்பில் எங்களில் ஒருவர் தவறி விழுந்தார். அரை நிமிடத்தில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பற்கள் கிட்டிப்போய் அவருக்குப் பேச்சு வர அரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு மேலே பாறையில் ஒரு வெட்டு தெரிகிறது. சாலை. 298 கி.மீ. நீள நிம்மு - பதும் - தர்ச்சா பாதையை 2024 மார்ச்சில் எல்லைச் சாலைகள் அமைப்பு இணைத்து முடித்தது. துடுப்பு போட வந்தவர்களுக்கு வருத்தம்தான். எனக்கும் இருந்தது. அன்றிரவு மணல் திட்டில் கூடாரம் அடித்தபோது, ஜான்ஸ்கர்காரரான சமையல்காரரிடம் அதைச் சொன்னேன்.

குளிர்காலத்தில் பென்சி லா கணவாய் பனியில் மூடிவிடும். முன்பு உறைந்த நதியான 'சாதர்' மீது நடந்துதான் லே போக வேண்டியிருந்தது. ஒன்பது வயதில், பள்ளிக்கூட விடுதிக்கு, அப்பாவின் பின்னால் அப்படிப் போனவர் அவர். ராத்தங்கல் குகைகளில். ஓரிடத்தில் பனி உடைந்து அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரைத் தோளில் சுமந்தாராம். "என் பொண்ணு ஜீப்புல போகட்டும் சார்" என்றார், சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே. நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் செம்புப் பாத்திரத்துக்குப் பேர்போன சில்லிங் கிராமத்தைக் கடந்து நிம்மு. கலங்கிய ஜான்ஸ்கரும் பச்சை சிந்துவும் சிறிது தூரம் ஒட்டாமல் ஓடிப் பிறகு ஒன்றாகின்றன. கைமரத்துப்போன எங்களை வரவேற்றது சாலையோரத்து டீக்கடை.

படகுப் பயணத்துக்கு ஜூலை மத்தியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏற்ற காலம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்குபவர்கள் குறைந்தது இரண்டு நாளாவது சும்மா படுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டவர்கள் தலைவலியோடு திரும்பியிருக்கிறார்கள்.