டனல் விழுந்த நாள்

"தங்கச்சி, டனல் டவுன் என்று அலாரம் வந்திருக்கு. ரவுட்டரப் போய்ப் பாருங்க."

கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து நானா சொன்னதைக் கேட்டு உம்மா பதறிப் போனார். "யா அல்லாஹ்! மலை சரிஞ்சிட்டா? ரயில் வந்திச்சா?"

உம்மாவில் பிழையில்லை. ரம்புக்கனையில் டனல் என்றால் கடுகண்ணாவைக்கு ஏறும் ரயில் பாதையிலுள்ள சுரங்கங்கள்தான்.

நானா சொன்ன சுரங்கம் வேறு. அவர் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். தரவுப் பொதியை மறைகுறியாக்கி, இன்னொரு பொதிக்குள் வைத்து, பொது இணையத்தின் ஊடாக அனுப்பும் வழி அது. இடையில் நிற்பவர் உறையைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. உயர்தர ஐசிடி பாடத்தில் இதைப் படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, சிவப்பு விளக்கின் முன் நிற்பது வேறு.

நானா வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது மாதம். வாப்பாவுக்கு டிக்கட் வெட்டும்வரை வார்டில் காத்திருந்தார். ஆறு மணிக்கு அவருக்கு வேலை தொடங்கும்.

"யாரும் பிளக்கக் கழட்டினீங்களா?"

பகல் முழுதும் இடி. கரண்ட் போனாலும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை, பயத்தில் முழுதாகக் கழற்றி வைத்தது நான். வாய் திறப்பதற்குள் உம்மா முந்திக்கொண்டார். "நான்தான் மகன், இடிக்குப் பயந்து."

நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

வாட்ஸ்அப் வேலை செய்தது. ஆகவே இணையம் இருக்கிறது, சுரங்கம் மட்டும்தான் இல்லை. ரவுட்டரின் பின்பக்கச் சிறு துளையில் ஊசியால் குத்தட்டுமா என்று கேட்டேன்.

"அதத் தொட வேணாம்! போட்டு வச்ச எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல லொக்கைப் பாருங்க."

அவர் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் ரவுட்டரின் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை தாண்டிய நேரம். அடியில், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

வாசித்துக் காட்டியதும் நானா சிரித்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பல கருவிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து நொடிகளாக எண்ணுகின்றன. அது கிரீன்விச் நேரம். நமக்கு அப்போது காலை 5.30. எங்கள் ரவுட்டரில் கடிகாரத்துக்கென்று பற்றரி இல்லை. மின்சாரம் முழுதாக நின்றால் நேரத்தை மறந்து, தொடக்கத்துக்கே போய்விடும். சுரங்கத்தின் இரு முனைகளும் சான்றிதழ் காட்டித்தான் ஒன்றையொன்று நம்புகின்றன. அதில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 1970இல் நிற்கும் ரவுட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

பிறகு ஏன் அது சரியான நேரத்தைக் கேட்டு வாங்கவில்லை? கேட்க வேண்டிய நேரச் சேவையகம் அலுவலகத்துக்குள், சுரங்கத்தின் மறுமுனையில் இருந்தது. நேரம் இல்லாமல் சுரங்கம் திறக்காது; சுரங்கம் இல்லாமல் நேரம் கிடைக்காது.

திகதியையும் நேரத்தையும் கையால் பதித்தேன். ஒரு நிமிடத்துக்குள் விளக்கு பச்சையானது. வெளியே இணையத்திலேயே கிடைக்கும் ஒரு நேரச் சேவையகத்தையும் நானா சேர்க்கச் சொன்னார். மஃரிபுக்கு முன் வாப்பாவோடு வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

"கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல் எனக்குள் இறங்கவில்லை.

இஷா தொழுத பிறகு அவரிடம் போய், "கழட்டினது உம்மா இல்ல, நான்" என்றேன்.

நானா உம்மாவைப் பார்த்தார். உம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

ரவுட்டர் அணைந்து எழும்பியது பதிவில் இருந்தது. யார் அணைத்தார் என்பது அதில் இல்லை. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.