நரேஷன் இல்லாத வரி

பி.காம். படித்தபோது ஜர்னல் என்ட்ரி போட்டால், கீழே ஒரு வரி ‘நரேஷன்’ எழுதியாக வேண்டும். இந்தப் பணம் எதற்காகப் போனது என்று. எழுதாவிட்டால் மார்க் போச்சு. ‘‘தொகை தப்பினா கண்டுபிடிச்சிடலாம். காரணம் இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவான்’’ என்பார் புரொபசர்.

சரித்திர ஆசிரியர்கள் பாடும் இதுதான். காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. ராஜராஜ சோழனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. ஆனால், அது கொலை வழக்குத் தீர்ப்பு அல்ல. அவர்களிடமும் சொந்தபந்தங்களிடமும் பறிமுதல் செய்து விற்ற நிலத்தின் கணக்கு! ஏன் கொன்றார்கள், தூண்டியது யார்? மூச்!

நரேஷன் இல்லாத என்ட்ரி. நீலகண்ட சாஸ்திரி, அடுத்துப் பட்டத்துக்கு வந்த உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதே கல்வெட்டைப் படித்துவிட்டு, அவருக்குச் சம்பந்தமில்லை என்றார். 1950-ல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிய கல்கி, பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளைக் கொண்டுவந்தார். நாவலாசிரியர், அவருக்கு லைசென்ஸ் உண்டு. நம்மில் பலர் ‘சரித்திரம்’ என்று நம்பிக்கொண்டிருப்பது என்னவோ அவர் எழுதியதைத்தான்.

போன வருஷம் அப்பா காலமானார். பரணில் அவருடைய கணக்கு நோட்டுகள். 2001, ஜூன் மாதப் பக்கத்தில் ஒரு வரி: ‘தம்பிக்கு ரூ.12,000’. அவ்வளவுதான்.

அந்த ஜூனில்தான் நான் சி.ஏ. சேர வேண்டும் என்று கெஞ்சினேன். ‘‘பணத்துக்கு எங்கடா போறது?’’ என்றார் அப்பா. ஆக, மகனுக்கு இல்லாத பணம் தம்பிக்கு இருந்திருக்கிறது! நரேஷனை நானே எழுதிவிட்டேன். சித்தப்பா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்காமல் அம்மாவிடம் கேட்டேன்.

‘‘கொடுக்கலைடா... திருப்பிக் கொடுத்தார். உன் காலேஜ் ஃபீஸ் யார் கட்டினதுன்னு நினைச்சே?’’

அம்மா அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டாள். சாட்சி போதாது. மறுபடி பரண் ஏறினேன். 1998, 1999, 2000. மூன்று நோட்டிலும் ஜூன் மாத வரவில் ‘தம்பி ரூ.4,000’. மூணு நாலு பன்னிரண்டு. டேலி ஆகிவிட்டது!

அப்படியும் ஒன்று பாக்கி. அப்பா இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? கௌரவமா, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றா? அதற்கு எந்த நோட்டிலும் வரி இல்லை. நானாக எழுதிக்கொள்ளலாம்... ஆனால், இந்த முறை எழுதவில்லை.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

‘‘என்னடா, சாப்டியா?’’ என்றுதான் ஆரம்பித்தார்.