ஒரு தலைக்கட்டு

அமெரிக்காவில் வெகு காலமாக வசிக்கும் நண்பர் ஒருவர், தம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒருமுறை சொன்னார். அந்த மனிதருடைய முப்பாட்டனார் ஜெர்மனியில் ஒரு குடியானவர். பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போய், புது மண்ணில் காடு திருத்திப் பயிர் செய்தவர். பேரப்பிள்ளை ஒரு நாள் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தாராம். ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் 1934 வரை கப்பலேறியவர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

“கொடுத்து வைத்தவர்கள்! நமக்கு அப்படி ஏது?” என்றார் நண்பர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஏடு இருப்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதை நினைவூட்ட இலங்கையிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டையை அடுத்த ஆலங்குடிப் பக்கம் ஒரு சிறு கிராமம். செம்மண் பூமி, வானம் பார்த்த கண்மாய். கண்மாய் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் ஊரை விட்டு நடை. 1830-களிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியபோது, அந்த நடை கடலைத் தாண்டியது. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மலை ஏறினார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869-இல் இலைத் துரு நோய் கண்டு காப்பி அழிந்தது; 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டுப் பார்த்த தேயிலை மலை முழுவதும் பரவியது. செடி மாறிற்று, கூலியின் வாழ்வு மாறவில்லை. கங்காணி கொடுத்த முன்பணத்தை ஒரு காகிதத்தில் எழுதி வைப்பார்கள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டுக் கடன் தீராமல் வேறு தோட்டத்தில் கால் வைக்க முடியாது. 1921-இல்தான் அதை ஒழித்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, என் தாத்தாவின் தம்பி, கண்மாய் வறண்ட ஒரு கோடையில், ராமேசுவரத்து ரயிலேறிப் போனார். போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

சென்ற ஆண்டு புரவி எடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் ஊருக்குப் போயிருந்தேன். அய்யனாருக்கு மண் குதிரை செய்து சுமந்து போகும் திருவிழா அது. பங்காளிகள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி கொடுப்பார்கள். வரி நோட்டு என் அண்ணன் கையில். அன்று மாலை, அறுபதைத் தாண்டிய ஒருவர் கையில் பையோடு வாசலில் வந்து நின்றார். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பழைய காகிதம் ஒன்றை நீட்டினார். ‘புதுக்கோட்டை சமஸ்தானம், ஆலங்குடித் தாலுகா’ என்று தொடங்கி எங்கள் ஊரும், எங்கள் பாட்டனார் பெயரும் அதில் இருந்தன. சமஸ்தானம் 1948-லேயே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அந்தக் காகிதத்தில் மட்டும் அது இன்னும் இருந்தது!

அண்ணி காப்பி கொடுத்தாள். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணே. எங்களையும் ஒரு தலைக்கட்டா எழுதிக்குங்க. வரி கொடுத்திடறேன்.”

அண்ணன் நோட்டை எடுக்கவில்லை. “அடுத்த புரவி எடுப்புக்குப் பார்க்கலாம் தம்பி. நாலு பேரைக் கலந்துக்கணும்” என்றார்.

பங்காளி என்ற சொல்லுக்குள்ளேயே பங்கு உட்கார்ந்திருக்கிறது. கண்மாய்க்கு மேற்கே எங்களுக்கு இருக்கும் புஞ்சையில் சரி பாதி அந்தத் தம்பிக்கு உரியது. தைல மரம் நின்ற அந்த நிலத்துக்கு ரோடு வந்ததும் விலை ஏறியிருந்தது. விற்றுப் பங்கிட்டுக் கொள்வதாகப் பேச்சு. என் பங்கில் நகரத்தில் மாடி கட்ட நான் கணக்குப் போட்டிருந்தேன். அண்ணன் ஏன் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும். ‘எழுதுங்கள் அண்ணா’ என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொல்லவில்லை. கதைகளில் எத்தனையோ உத்தமர்களைப் படைத்தவன் நான்!

இரவு திண்ணையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களானது; 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று ஆனது; எல்லாம் சொன்னார். அவருடைய தங்கை குடும்பம் கோத்தகிரிப் பக்கம் வந்துவிட்டதாம். அவர் தங்கிவிட்டார்.

“அங்கே எங்களை இந்தியாக்காரன்னாங்க. தங்கச்சியை இங்கே சிலோன்காரின்னாங்க. ஏதாவது ஒரு நோட்டிலே நம்ம பேரு இருக்கணும் இல்லையா அண்ணே?”

பிறகு பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்தார். உள்ளே காசுகள். ஆண்டுதோறும் புரவி எடுப்பு மாதம் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய தாத்தா அய்யனாருக்கென ஒரு காசு முடிந்து வைத்தாராம். பின்பு அப்பா, பின்பு இவர். பாதிக்கு மேல் இன்று செல்லாத காசுகள். மூன்று தலைமுறை வரி!

விடிந்ததும் மூட்டையை அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரண் மேல் ஏறிப் பழைய நோட்டை இறக்கினார். தாத்தாவின் கையெழுத்தில், வருஷா வருஷம் தம்பியின் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே தொகை இல்லை; ‘வரும்’ என்று ஒரே சொல். எங்கள் தகப்பனார் எழுதத் தொடங்கிய வருஷத்திலிருந்து அந்த வரியே இல்லை.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. புது நோட்டில் எங்கள் பெயர்களுக்குக் கீழே அவர் பெயரை எழுதினார். வரித் தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், சலுகை காட்டவில்லை. அந்த மனிதருக்கு அதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது.

நிலத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சட்டம் பேசியிருப்பேன். கேட்காமல் போய்விட்டாரே, அதுதான் உறுத்துகிறது. அவரைக் கேளாமல் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.