செவிக்குள் ஒரு தூக்குக்குண்டு

வளர்ப்பு எலியின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குவது, அதன் செவிக்குள் நிகழும் குழப்பத்தின் வெளியடையாளமாகும். முதலில் கழுத்து சற்றே வளையும்; பின்னர் எந்தச் செவி நோயுற்றதோ அந்தப் பக்கமாகவே எலி வட்டமடிக்கும்; நோய் முற்றினால் கால் ஊன்ற முடியாமல் உருளும். கண்மணிகள் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, மறுபக்கமாக வெடுக்கென மீளும். இதைக் கண்நடுக்கம் என்பர். இத்தனை குறிகள் இருந்தும், தலை சாய்வதை அழகு என்று எண்ணிப் படம்பிடித்துக்கொண்டிருக்கும் வளர்ப்போர் உண்டு என்பது வியப்புக்குரியது. ஒன்றுமில்லாததற்கு அஞ்சுவோரும் உளர். விக்டோரியா அரசி காலத்து இலண்டனில் எலிபிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஜாக் பிளாக் என்பவர், வலையில் சிக்கியவற்றுள் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தனியே பெருக்கிச் செல்லப்பிராணிகளாக விற்றார். அத்தகைய நிறமாற்றங்களுள் ஒன்றான செந்நிறக் கண்ணுக்குப் பார்வை மங்கல். ஆகவே அக்கண்ணுடைய எலி, அமர்ந்த இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக அசைத்து, அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ளதைவிட மிகுதியாக நகர்வதைக் கொண்டு தூரத்தை அளவிடுகிறது. அது நோயன்று, கணக்கு.

உண்மையான நோய் பெரும்பாலும் தொண்டையிலிருந்தே வருகிறது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே ஓடும் யூஸ்டேஷியன் குழலின் வழியே, மூச்சுப்பாதையில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் மேலேறி, செவிப்பறைக்குப் பின்னால் மெல்லிய எலும்பாலான குமிழ் போன்ற அறையை நிரப்பி, அங்கிருந்து உட்செவிக்குள் புகுகின்றன. இவற்றுள் வளர்ப்பு எலிகளிடையே மிகப் பரவலானது மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர். இதற்குச் செல்சுவரே இல்லை. செல்சுவர் உருவாவதைத் தடுத்தே கொல்லும் பெனிசிலின் போன்ற மருந்துகள், இடிப்பதற்குச் சுவர் இல்லாத வீட்டின்முன் கையைப் பிசைந்து நிற்கின்றன. எனவே மருத்துவர்கள் என்ரோஃப்ளாக்சசினையும் டாக்சிசைக்ளினையும் நாடுகின்றனர். பல சமயம் இரண்டையும் சேர்த்தே தருகின்றனர். எலியின் சீழ் மனிதச் சீழைப் போல ஒழுகி வெளியேறாமல் பாலாடைக்கட்டியைப் போல இறுகிவிடுவதால், மருந்து அதனுள் ஊடுருவ நாளாகிறது. சிகிச்சை வாரக்கணக்கில் நீள்வதற்கு இதுவே காரணம். உள்ளே வீங்கிய திசு நரம்பை நெருக்காதிருக்க ஸ்டீராய்டு வகையோ, மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கியோ கொடுப்பதுண்டு. இரண்டையும் ஒருசேரக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகும் என்பதால் ஒன்றையே தேர்ந்துகொள்வர். முதிர்ந்த பெண் எலிகளில் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தாலும் ஏறத்தாழ இதே தள்ளாட்டம் தோன்றும். செவிநோயுற்ற எலி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாவது, பட்டாணியை இரு முன்கைகளாலும் பிடித்து உரித்துத் தின்னும். கட்டியுற்ற எலிக்கோ முன்கைகள் விறைத்துப் பட்டாணி நழுவும். விலையுயர்ந்த கருவிகள் எட்டாத இடத்தில் இந்தப் பட்டாணிச் சோதனையே பாதி நோயறிதல்.

மருந்தை எலியின் வாய்க்குள் செலுத்துவது தனிக்கலை. ஊசி நீக்கிய சிரிஞ்சில் கசப்பு மருந்தை ஏற்றி, வாழைப்பழக் கூழிலோ சாக்லேட்டிலோ கலந்து கொடுப்பதே வழக்கம். டாக்சிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வீணாகும் என்பதால் பால் மட்டும் கூடாது. எலிக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. உண்டது நஞ்சாயின் வெளியேற்ற வழியற்ற அவ்வுயிர், அதற்கு ஈடாக நினைவாற்றலைப் பெற்றிருக்கிறது. ஓர் உணவை உண்டபின் உடல் குமட்டினால், காரணம் உணவாயினும் அன்றாயினும், அச்சுவையை அது மீண்டும் தீண்டாது. எலிப்பாடாணம் வைப்போரை நெடுங்காலமாகத் திணறடித்த இப்பண்பை, இனிப்பு நீரையும் கதிர்வீச்சையும் இணைத்து 1955-இல் ஜான் கார்சியா ஆய்வகத்தில் நிறுவிக் காட்டினார். தலைச்சுற்றலும் குமட்டலே ஆதலால், நோயுற்ற எலிக்கு அதன் மிக விருப்பமான தின்பண்டத்தில் மருந்தைக் கலப்பவர், அத்தின்பண்டத்தையே அதற்கு வாழ்நாள் பகையாக்கிவிடக்கூடும். எலியைச் சுழற்றித் தலைசுற்ற வைத்தால் அது வெண்களிமண்ணைத் தேடித் தின்பதையும் 1970-களில் ஆய்வாளர் கண்டனர். வாந்தி எடுக்காத விலங்கின் குமட்டலை, அது தின்ற மண்ணின் எடையைக் கொண்டே இன்றும் அளக்கின்றனர். மசக்கையில் மண்ணையும் சாம்பலையும் நாடும் பெண்களைக் கடிந்துகொள்ளும் மாமியார்கள் இதை அறிந்தால் சற்றே அடங்கக்கூடும்.

மருந்தால் கிருமி அழிந்த பின்னும் சாய்வு எஞ்சுவதுண்டு. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களில் நிறைந்துள்ள நீர், தலை திரும்பும்போது பின்தங்கி, உணர்மயிர்களை வளைக்கிறது. அவற்றையடுத்த இரு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் கொத்தனாரின் தூக்குக்குண்டாக நின்று, கீழ் எது என்று அறிவிக்கின்றன. ஒரு செவியின் மயிர்கள் மடிந்துவிட்டால், இரு செவிகளின் செய்திகளும் பொருந்தாமல் உலகம் சுழல்கிறது. ஆயினும் மூளை, கண்ணும் பாதமும் மீசையும் தரும் சான்றுகளைக் கொண்டு சில வாரங்களில் புதிய கணக்கொன்றை வகுத்துக்கொள்கிறது. முதல் சில நாள் கூண்டை ஒரே தளமாக்கி, ஏணிகளை அகற்றி, துணி விரித்து, நீர்க்குழாயைத் தாழ்த்தி வைப்பது தேவையே. ஆனால் அந்த ஏற்பாட்டை நிலையாக்குவது தீங்கு, ஏனெனில் அசைவின்றி மூளை பயில்வதில்லை. 1940-களில் பிரிட்டனில் காதோர்ன், குக்சி என்னும் மருத்துவர் இருவர், தலைச்சுற்றல் நோயாளிகளைப் படுக்க வைக்காமல், சுற்றல் வரவழைக்கும் அசைவுகளையே பயிற்சியாகக் கொடுத்ததும் இவ்வுண்மையின்மேல்தான்.

இத்தனை வேலை செய்யும் ஒரு புலன், புலன்களின் பட்டியலில் இடம்பெறாமலே போனது விந்தை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பிய மரபியல், செவிக்குக் கேட்டலை மட்டுமே ஒதுக்குகிறது; கிரேக்கர்தம் ஐம்புலக் கணக்கிலும் அதே குறை. ஒழுங்காக வேலை செய்யும்வரை தன் இருப்பையே காட்டிக்கொள்ளாத ஊழியனை எந்தப் பட்டியலும் மறக்கும். 1820-களில் ஃப்ளூராங் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்து, எந்தக் குழல் அறுந்ததோ அதன் தளத்திலேயே புறா தலையை ஆட்டுவதைக் கண்டபோதும், பலருக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

விளங்க வைத்தவருள் முதன்மையானவர் ராபர்ட் பாரனி. 1876-இல் வியன்னாவில் பிறந்து, அந்நகரின் செவி மருத்துவப் பிரிவில் பணியாற்றிய அவர், நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றிக் கண் நடுங்குவதைக் கண்டார். அது காது கழுவும் எவரும் கண்டதே. நீர் குளிர்ந்திருக்கிறது என்று முறையிட்ட ஒருவருக்கு அடுத்தமுறை சூடான நீரைப் பயன்படுத்தியபோது, மயக்கம் மறுபடியும் வந்தது. ஆனால் கண்மணிகள் நேர் எதிர்த்திசையில் துள்ளின. உடல்வெப்ப நீரில் ஒன்றும் நிகழவில்லை. சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும் என்னும் சமையலறை அறிவிலிருந்து, செவிக்குள் அடைபட்ட நீரும் அவ்வாறே நகர்ந்து, தலை திரும்பாதபோதே திரும்பியதாக மூளையை ஏமாற்றுகிறது என்று அவர் முடிவுகட்டினார். இதற்காக 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. செய்தி போய்ச் சேர்ந்தபோதோ, ஆஸ்திரியப் படையின் மருத்துவராகப் பிஷெமிஷல் கோட்டையில் உருசியரிடம் பிடிபட்ட அவர், நடு ஆசியாவின் மெர்வ் நகரில் போர்க்கைதியாக இருந்தார். சுவீடன் இளவரசர் கார்லின் தலையீட்டால் 1916-இல் விடுதலையாகி வியன்னாவுக்குத் திரும்பிய அவரை, முன்னோடிகளின் உழைப்பைத் தமதாக்கிக்கொண்டார் என்னும் குற்றச்சாட்டுடன் சக ஆசிரியர்கள் வரவேற்றனர். ஒரு நகரம் தன் அறிஞனைப் போற்றும் முறைகளுள் இது பழமையானது. அவர் உப்சலாவுக்குக் குடிபெயர்ந்து, 1936-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அவருடைய விளக்கம் முழுமையானதன்று என்பது 1983-இல் தெரியவந்தது. கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ஸ்பேஸ்லாப் ஆய்வுக்கூடத்தில், மேல் கீழ் என்பதே இல்லாத எடையின்மையிலும், செவியைச் சூடாக்கினால் கண்கள் நடுங்கவே செய்தன. ஆகவே நீரோட்டத்தைத் தவிர வெப்பத்துக்கு வேறு வழியும் இருந்தாக வேண்டும். ஆயினும் பாரனியின் சோதனை இன்றும் மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. காரணம் பிசகினாலும் பயன் பிசகவில்லை.

காதுவலிக்கு எண்ணெயைக் காய்ச்சி வெதுவெதுப்பாக விட்ட பாட்டிமார், வெப்பத்தைப் பற்றிய அளவில் பாரனிக்கு உடன்பட்டவர்களே. எலிக்குச் செவித்துளி மருந்து எழுதித் தரப்பட்டால், குப்பியை உள்ளங்கைக்குள் சிறிதுநேரம் வைத்திருந்து உடல்வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின்னரே சொட்டுவிட வேண்டும். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் தலைக்குக் குளிர்ந்த துளி இன்னொரு சுழற்சியைச் சேர்க்கும். எண்ணெய் விடுவதில் மட்டும் பாட்டிமாரைப் பின்பற்றலாகாது. செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே விட்டது எதுவும் நேரே நடுச்செவியை அடையும். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துத் துளிகள் அங்கிருந்து உட்செவிக்குக் கசிந்து, கிருமி விட்டுவைத்த உணர்மயிர்களையும் அழித்துவிடக்கூடும். இதனால்தான் தேர்ந்த மருத்துவர், துளி மருந்தை எழுதுவதற்குமுன் எலியின் காதுக்குள் விளக்கைச் செலுத்திச் செவிப்பறையைப் பார்க்கிறார். நெல்மணி அளவே உள்ள அத்துளைக்குள் எதுவும் தெரியாதபோது, வாய்வழி மருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்.