தூசியும் கணக்கும்

விண்வெளித் தூசியைப் பற்றி ஆராயப் போவதாக என் தங்கை மகன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "பெருக்கித் தள்ள வேண்டியதைப் படிக்கவா இத்தனை ஆண்டு செலவழித்தாய்?" என்றேன். அவன் பதில் கூறவில்லை. அந்த மௌனம் பல நாள் என்னை உறுத்திற்று. சென்ற பெருநாளன்று நானே அவனை அருகில் அமர்த்தி, "சொல், கேட்கிறேன்" என்றேன்.

"மாமா, 1980-இல் வாயேஜர் 1 விண்கலம் சனிக் கோளின் வளையங்களைப் படமெடுத்தது. பி வளையத்தின் குறுக்கே வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போன்ற கோடுகள் தெரிந்தன. வளையத்தின் உட்பகுதி விரைந்தும் வெளிப்பகுதி மெதுவாயும் சுற்றுவதால் அவை விரைவில் சிதைந்திருக்க வேண்டும். ஈர்ப்பு விசை ஒன்றினால் மட்டும் அவற்றை விளக்க இயலவில்லை."

பிறகு அவன் பிளாஸ்மாவை விளக்கினான். எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து உலவும் வாயு அது. அதனுள் ஒரு தூசித் துகள் புகுந்தால், வேகம் மிகுந்த எலெக்ட்ரான்களே முந்திக்கொண்டு அதில் ஒட்டுகின்றன. துகள் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அதன்பின் அது ஈர்ப்புக்கு மட்டுமன்றி மின்விசைக்கும் கட்டுப்படுகிறது. அவ்வாறு வளையத்தைவிட்டு மேலெழும் நுண்தூசியே அந்த ஆரக்கால்கள் என்பது அறிஞர் பலரின் கொள்கை. அதனை முதலில் எழுப்பிவிடுவது எது என்பதில் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

1990-இல் ராவ், சுக்லா, யூ ஆகிய மூவர், இத்தகைய தூசிகள் கூடித் தமக்கென மிக மெதுவான ஓர் அலையை எழுப்பும் என்று கணக்கிட்டே கூறினர். ஐந்தாண்டுகளுக்குள் அவ்வலையை ஆய்வுக்கூடத்தில் கண்டனர்.

எனக்கு மதரஸாவில் ஓதிய காலம் நினைவுக்கு வந்தது. அரபியில் 'ஹிஸாபுல் குபார்' என்பார்கள். தூசிக் கணக்கு என்பது பொருள். பலகையில் தூளைப் பரப்பி, எண்களை எழுதியும் அழித்தும் முன்னோர் கணக்கிட்டனர். தூசிப் பலகையை விட்டு மையும் காகிதமும் கொண்டு கணக்கிடும் வழியை, ஏறத்தாழ 952-இல் டமாஸ்கஸில் அல் உக்லீதிஸி நூலாக எழுதினார். இதையெல்லாம் மாணவர்களுக்குப் பெருமையோடு போதித்தவன் நான். தூசியின்மேல் எழுதிய கணக்கைக் கல்வி என்றேன்; தூசியைப் பற்றி எழுதும் கணக்கை வீண் என்றேனே!

"அன்று நான் சொன்னது தவறு" என்றேன். அவன் தலைகுனிந்து புன்னகைத்து, தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். அதில் ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் மூடச் சொல்ல மனம் வரவில்லை.

நம் வீட்டுப் பிள்ளை எதைப் படிக்க விரும்பினாலும், சிரிப்பதற்கு முன் ஒருமுறை செவிசாய்ப்போம்.