யார் செய்த பாவம்?



மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் கனடாவும் ஒன்று. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், சோர்வு அழுத்தும். உடனே நம்மவர் கேட்பது, "யார் செய்த பாவம்?" என்பதே. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்களும் இதையே கேட்டனர். எவருடைய பாவமும் அன்று என ஆண்டவர் மறுத்தார்.

அறிவியலும் வேறு விடை தருகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றை ஹார்வர்ட் அறிஞர்கள் 2022இல் வெளியிட்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. அவ்வைரஸின் புரதமொன்று நம் நரம்பு மண்டலப் புரதமொன்றை ஒத்திருக்கிறது என அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு காட்டியது. பகைவனைத் தேடும் காவலன், சாயல் கண்டு வீட்டாரையே தாக்குவது போன்றது இது.

அஞ்ச வேண்டாம். வயதுவந்தோரில் 100க்கு 90 பேருக்கும் மேல் இவ்வைரஸைச் சுமக்கிறோம். மிகச் சிலரே நோயுறுகின்றனர். மரபணு, வெயில் குறைவு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. வைரஸ் எச்சில் வழியே பரவும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

ஆகவே நோயுற்றவரின் தட்டை வேறாக வைக்காதீர்கள். அவர் இல்லத்துத் திருமணப் பேச்சில் இதனை இழுக்காக எண்ணாதீர்கள். நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன. 1934இல் நிறுவப்பட்ட நரம்பியல் நிறுவனம் நம் மொன்றியலிலேயே இருக்கிறது. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இப்பனிக்காலத்தில் அவர் வாசற்பனியை அகற்றிக் கொடுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். காரணம் தேடுவது ஆய்வாளர் பணி. துணைநிற்பது நம் பணி.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.