தாடையை எடுத்தால் ஊசி நிற்கும்

கோவையிலிருந்து சிறுவாணி போகும் சாலையில், பேரூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது அந்த நாய்ப் பயிற்சி இடம். பெயர்ப்பலகை கிடையாது. காலை ஆறரை மணிக்கு அங்கே முதலில் நடக்கும் வேலை ஈரல் வெட்டுவது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலை உதவியாளரான இளைஞர் பலகையில் வைத்துப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து டப்பாவில் நெத்திலிக் கருவாடு. முதல் நாளே ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட்டு, மறுபடி காயவைத்தது. இன்னொன்றில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"பெருசா வெட்டுனா மென்னு முடிக்கறதுக்குள்ள எதுக்குக் குடுத்தோம்ங்கறது அதுக்கு மறந்துருமுங்க. வயிறும் சீக்கிரம் ரொம்பிரும். பத்து நிமிசத்துல முப்பது நாப்பது துண்டு போகும்" என்றார். இப்படிக் கொடுப்பதெல்லாம் அந்த நாயின் அன்றைய தீனியிலிருந்து கழிக்கப்படும்.

இடத்தை நடத்துபவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். வேலை செய்கிறவர்கள், நாயோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படியே ஆனார். இடுப்பில் தீனிப் பை, உள்ளங்கையில், அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் தரும் கிளிக்கர். தொழிலுக்கு வந்த புதிதில் இவரும் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டிச் சுண்டி இழுத்துத்தான் பழக்கினாராம். நாய்கள் சொன்னதைச் செய்தன. "ஆனா நான் கேட்டைத் தொறந்தாலே ஒவ்வொண்ணும் மூலைக்குப் போய் ஒண்டும். என்னையக் கண்டு ஒண்டற உசுருக கூடத்தான் காலம் பூரா இருக்கப்போறமான்னு தோணுச்சு." அதன் பிறகு சங்கிலியைத் தொடவில்லை என்றார்.

அன்றைய முதல் வகுப்பு வடவள்ளியிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவிக்கு. அவர்களுடைய லேப்ரடார் நிழலில் படுத்துக் கிடந்தது. அதற்கு இன்னும் வேலை இல்லை. அக்கா இருவர் கையிலும் ஆளுக்கொரு கிளிக்கரைக் கொடுத்துவிட்டு ஒரு டென்னிஸ் பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து தரையைத் தொடும் அதே கணத்தில் கிளிக் சத்தம் கேட்க வேண்டும். மனைவிக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கணவர் ஒவ்வொரு முறையும் பிந்தினார். "தொட்டதைப் பாத்துட்டு அழுத்தறீங்க. தொடப்போறதைப் பாத்து அழுத்துங்க." அரை மணி நேரம் இதே வேலைதான். பொழுதுபோக்கு போலத் தெரியும் இந்தப் பந்து விளையாட்டில்தான் தொழிலின் அடிப்படை இருக்கிறது. நாய் உட்கார்ந்து எழுந்த பிறகு சத்தம் வந்தால், அது கற்றுக்கொள்வது எழுவதை. பின்னங்கால் மடங்கித் தரையைத் தொடும் நேரத்தில் வந்தால், உட்கார்வதை.

கிளிக் சத்தத்துக்குத் தன்னளவில் எந்தப் பொருளும் இல்லை. சத்தம், உடனே ஒரு துண்டு; மறுபடி சத்தம், மறுபடி துண்டு. கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டதுமே நாயின் காது திரும்புகிறது. பிறகு அந்தச் சத்தத்தைக் கொண்டு 'இப்போது செய்தாயே, அதுதான்' என்று அதனிடம் சொல்ல முடிகிறது. அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940-களிலேயே இதைத் தொழிலாகச் செய்தவர்கள். 1963-இல் ஹவாயில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றில் டால்பின்களைப் பழக்கும் பொறுப்புக்கு வந்த கேரன் பிரையர், பின்னாளில் இதை நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுசேர்த்தார். 1984-இல் வந்த அவருடைய புத்தகத்தை இன்றும் பயிற்றுநர்கள் படிக்கிறார்கள். அவர் டால்பினிலிருந்து வந்தவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது நீந்திப் போய்விடும். ஒரு விசிலும் ஒரு வாளி மீனும் மட்டுமே கையில் இருக்க, போய்விடக்கூடிய ஒன்றோடு வேலை செய்து உருவான முறை இது.

லேப்ரடார்காரர் இடைவேளையில் கேட்டார்: "இது லஞ்சம் குடுக்கற மாதிரி இல்லீங்களா?"

"முன்னாடியே காட்டிக் கூப்புட்டா லஞ்சமுங்க. வேலை முடிஞ்சதுக்கப்புறம் குடுத்தா கூலி. நீங்க கூலி வாங்காம வேலைக்குப் போறீங்களா?"

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கையில் ஈரலைக் காட்டி உட்கார வைப்பது முதல் நாலைந்து முறைக்குத்தான். பிறகு வெறும் கையால் அதே சைகை. தீனி பைக்குள்ளிருந்து, செயல் முடிந்த பிறகுதான் வரும். சாப்பாட்டுக்காக மட்டும் நாய் வருகிறது என்பதும் சரியல்ல. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத் தெருவிலேயே வைத்து ஆராய்ந்துவருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து தலையைத் தடவிக் கொடுத்தபோது, உணவு கொடுத்தவரைவிட அவரிடமே தெருநாய்களுக்கு நம்பிக்கை கூடியது என்று 2017-இல் அவர்கள் எழுதினார்கள். நம் தெருவில் கல்லடி படும் நாய்களைப் பற்றிய செய்தி இது.

எதிர்ப்பக்கத்து மரபும் பழையது. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூலின் சங்கிலியும் தண்டனையும் ராணுவ, காவல் நாய்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவின. பிறகு ஓநாய்க் கதை சேர்ந்துகொண்டது: கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவன் மற்றவற்றை அடக்கி வைப்பான், ஆகவே வீட்டில் நீ அடக்கு. அடைத்துவைத்த ஓநாய்களை வைத்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து வந்தது அது. அந்தக் கருத்தைத் தன் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும்தான் என்று 1999-இல் தானே திருத்தினார். அந்தப் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். ஆனாலும் கோவையில் ஒரு நாயின் மேல் ஏறி அமுக்கி 'யார் முதலாளி என்று காட்டு' என்று சொல்லித்தருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இங்கே பயிற்றுநர் என்று பலகை மாட்ட எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை.

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் அதிகம் ஏறியிருந்தது. பயிற்சி நேரத்தில் அவை அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன. ஆய்வில் பதிவான இதுபோன்ற பதற்றக் குறிகளைத்தான் ஈரல் வெட்டும் இளைஞர் கண்ணால் படிக்கிறார். புதிதாக வரும் நாயைப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. வாலை ஆட்டுகிறதே, சந்தோஷமாக இருக்கிறதே என்று ஒரு நாயைக் காட்டினேன். "வாலைப் பாக்காதீங்கண்ணா, இடுப்பைப் பாருங்க. இடுப்பு வெறைச்சிருக்குது. ஒரு முன்னங்காலைத் தூக்கி வெச்சிருக்குது. கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியுது. கிட்டப் போகாதீங்க" என்றார். அவர் படித்தது பத்தாம் வகுப்பு வரை. நாயைப் படிப்பதில் நான் பார்த்த எவரைவிடவும் கூர்மையானவர்.

பதினோரு மணிக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாயைக் கூட்டிவரவில்லை. தோட்டத்தில் வளர்க்கிற நாட்டு நாய், பேரனின் கையைக் கடித்துவிட்டது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது. நாயை என்ன செய்வது என்று வீட்டில் சண்டை.

"திடீர்னு கடிச்சிருச்சு அம்மிணி. ஒரு சத்தமில்ல."

"முன்னாடி உறுமுமுங்களா ஐயா?"

"உறுமிட்டுத்தான் இருந்துச்சு. சோத்துத் தட்டுகிட்டப் போனா உறுமும். ரெண்டு போடு போட்டேன். அப்புறம் அந்தப் பழக்கத்தையே விட்டுருச்சு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கோபப்படாமல் விளக்கினார். உறுமல் கெட்ட பழக்கமல்ல, 'தள்ளிப் போ' என்று நாய் மரியாதையாகச் சொல்கிற சொல். சொன்னதற்கு அடி விழுந்ததால் சொல்வதை விட்டது. தட்டைப் பற்றிய பயம் உள்ளேயே இருந்தது. பேரன் போனபோது சொல்வதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் கொடுத்த வேலை மிகச் சாதாரணமானது. நாய் சாப்பிடும்போது குழந்தை முற்றத்துக்கு வரக்கூடாது, நடுவில் கதவு இருக்க வேண்டும். பெரியவர் மட்டும் தூரத்தில் நடந்துபோகிறபோது தட்டுப் பக்கம் ஒரு துண்டு கறியை வீசிவிட்டு நிற்காமல் போக வேண்டும். நாயின் உடம்பு தளர்ந்தே இருந்தால் அடுத்த வாரம் ஓரடி கிட்ட. உறுமினால் நன்றி சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். "நன்றியா?" என்று கேட்டார் பெரியவர். "ஆமாங்க, கடிக்காம சொல்லுச்சல்லங்க."

எல்லாவற்றையும் தீனி தீர்த்துவிடும் என்று அக்கா சொல்வதில்லை. அங்கிருந்த ஒரு சிப்பிப்பாறை, மயிலைக் கண்டால் எந்த ஈரலையும் திரும்பிப் பார்க்காது. கோவையைச் சுற்றி மயிலுக்குப் பஞ்சமும் இல்லை. ஓடுவதைத் துரத்தவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. அதற்கு மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிறு, தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி, தினமும் காலையில் கயிற்றில் கட்டி இழுக்கும் துணி பொம்மையைத் துரத்த ஒரு ஓட்டம். துரத்தும் ஆசையை அழிக்கப் பார்க்காமல் அதற்கு வேறு வடிகால் கொடுக்கிறார்கள். அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டால் வருமா என்று கேட்டேன். "மயில் இல்லாத நேரத்துல வருமுங்க. இருக்கற நேரத்துக்குக் கயிறு." இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

நான் காத்திருந்தது முத்துவுக்காக. முத்து இரண்டரை வயது ராஜபாளையம், பெட்டை. மூக்கின் இளஞ்சிவப்பைத் தவிர உடம்பு முழுக்க வெள்ளை. 2005-இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தபால் தலையில் இடம்பிடித்த இனம். வெள்ளை வேண்டும் என்று தேடித் தேடி இனம் சேர்த்ததில் ஒரு விலையும் சேர்ந்து வந்தது. நிறமிச் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாமல் போகிற குட்டி காது கேளாமல் பிறக்கிறது. டால்மேஷன் நாய்களிலும் இது உண்டு. முத்துவுக்கு இரண்டு காதும் கேட்காது. விலை போகாது என்று கழித்துவிட்ட குட்டியை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் அவர் மனைவியும் தொண்டாமுத்தூருக்குக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள்.

கிளிக் சத்தத்துக்குப் பதில் இங்கே கட்டைவிரல். விரல் உயர்ந்தால் துண்டு வரும் என்பதை முதல் வாரமே முத்து தெரிந்துகொண்டது. கூப்பிட முடியாத நாய் என்பதால், அது தானாகத் திரும்பி முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலும் துண்டும் உண்டு. இப்போது தோப்பில் நடக்கும்போது ஏழெட்டு அடிக்கு ஒருதரம் தலையைத் திருப்பி அவர்களைப் பார்க்கிறது. இருட்டில் டார்ச்சை இரண்டு முறை தரையில் மினுக்கினால் ஓடிவருகிறது. தூங்கும்போது தொட்டு எழுப்புவதில்லை, மூக்கருகே கையை வைத்து வாசனையால் எழுப்புகிறார்கள்.

அன்று அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி. முந்தைய ஆண்டு நான்கு பேர் அமுக்கிப் பிடித்துப் போட்டதில், வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பல்லைக் காட்டத் தொடங்கியிருந்தது. ஏழு வாரமாக வீட்டில் ஒரே பயிற்சி. முக்காலியின் மேல் சுருட்டிய துண்டு. அதில் முத்து தாடையை வைத்தால் வேலை தொடங்கும், எடுத்தால் அந்த நொடியே நிற்கும். முதலில் முதுகில் ஒரு கை. பிறகு தோலைக் கிள்ளிப் பிடிப்பது. பிறகு மூடி போட்ட சிரிஞ்சு. ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் செய்திருக்கிறார்கள். லண்டனிலிருக்கும் பயிற்றுநர் சிராக் பட்டேல் இதேபோல் ஒரு வாளியை வைத்து உருவாக்கிய விளையாட்டு உலகம் முழுக்க அறியப்பட்டது. நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நகம் வெட்டலாம். கண்ணை எடுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

இளம் கால்நடை மருத்துவர் கோட்டில்லாமல் வந்து தரையில் உட்கார்ந்தார். முத்து தாடையை வைத்தது. கண்டக்டர் முன்னால் மண்டியிட்டிருந்தார். மருத்துவர் ஸ்பிரிட் பஞ்சை எடுத்ததும் முத்து தாடையைத் தூக்கி இரண்டடி பின்னால் போனது. வாசனை ஒத்திகையில் இருந்ததுதான், புது ஆளிடமிருந்து வந்தது இப்போதுதான் முதல் முறை. மருத்துவர் உடனே பஞ்சைக் கீழே வைத்துவிட்டு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். யாரும் அதைப் பிடிக்கவில்லை. முத்து தோப்பைச் சுற்றிப் பார்த்தது, உடம்பை உதறியது, தானே திரும்பி வந்து தாடையை வைத்தது. பஞ்சு மறுபடி வந்தது. மறுபடி எழுந்தது, இம்முறை பின்னால் போகவில்லை. மூன்றாம் முறை வைத்த தாடையை எடுக்கவேயில்லை. தோளருகே தோல் கூடாரமாக உயர்ந்தது, ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, கட்டைவிரல் எழுந்தது. ஒரு கை நிறைய ஈரல்.

எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். அமுக்கிப் பிடித்திருந்தால் இரண்டு நிமிடம். மிச்சமாகும் நேரத்தைக் காரணம் காட்டி அமுக்குவதை நாம் நியாயப்படுத்துகிறோம். நான் அங்கே பார்த்தது, 'வேண்டாம்' என்று சொல்ல வழியுள்ள ஒரு நாய் ஊசிக்கு உடம்பைக் கொடுத்ததை. மறுக்க இடம் கிடைத்ததால்தான் அதனால் கொடுக்க முடிந்தது. வீட்டில் நாயோடு வாழ்கிற எவருக்கும் இதைவிடப் பெரிய பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மாலையில் ஒரு கார் வந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்றை ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகிறோம், பழக்கி வையுங்கள், என்ன செலவானாலும் பரவாயில்லை என்றார் வந்தவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கிட்ட நல்லா இருக்குமுங்க. உங்க வீட்டுக்கு வந்தா பழையபடிதான். வாரத்துக்கு ஒரு நாள் நீங்க வாங்க, கூட வீட்டுல சோறு போடறவங்களையும் கூட்டியாங்க." அவருக்கு நேரமில்லை, கார் திரும்பிவிட்டது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. வெடிச்சத்தத்தைப் போனில் மிக மெதுவாக வைத்து, கூடவே ஈரல் போட்டுப் பழக்கும் பயிற்சிக்கு யார் யாரை வரச்சொல்ல வேண்டும் என்று அக்காவும் இளைஞரும் நோட்டில் பெயர் எழுத உட்கார்ந்தார்கள்.